விடை சரி, ஆள் வேண்டாம்

கேள்வி, 12 மே 2024

சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு நாலு வருடமாக ஒரு சர்வீஸ் கம்பெனியில் ஜாவா ப்ரோக்ராமர். பெங்களூரில் இரண்டு பெரிய கம்பெனிகளில் இன்டர்வியூவின் கடைசிச் சுற்று வரை போய்த் திரும்பிவிட்டேன். இரண்டிலும் கோட் ஓடியது, விடை சரி. ஓர் இடத்தில் ஹெச்.ஆர். ஃபோனில் சொன்ன ஒரே காரணம், "நீங்கள் பேசவே இல்லை." கணக்கைப் போடச் சொன்னார்கள், போட்டேன். இதில் பேச என்ன இருக்கிறது?

12 மே, இரவு 10.40

தம்பி, விடைக்கு அங்கே பாதி மார்க்கூடக் கிடையாது. பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். கடைசி ஐந்து வருடமாக ஆள் எடுக்கும் பக்கமும் உட்காருகிறேன். இன்டர்வியூ முடிந்ததும் நாங்கள் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் விடை சரியா என்பது ஒரு கட்டம்தான். மற்ற கட்டங்கள் எல்லாம் வேறு. கேள்வியைத் தெளிவுபடுத்திக்கொண்டாரா, இரண்டு மூன்று வழிகளை எடைபோட்டாரா, குறிப்புக் கொடுத்தால் பிடித்துக்கொண்டாரா, எழுதியதைத் தானே சோதித்தாரா. நாற்பத்தைந்து நிமிடம் ஒருவர் வாய் திறக்காமல் தட்டிக்கொண்டே இருந்தால் இந்தக் கட்டங்களில் நான் எதை எழுத? காலியாக விட்டால் மேலே இருப்பவர்கள் அதை "வேண்டாம்" என்றுதான் படிப்பார்கள்.

12 மே, இரவு 11.15

இன்னொன்று. இன்டர்வியூக் கணக்குகளைப் போட்டுப் பழகும் தளமான லீட்கோடில் அதே கணக்கை நேற்றுதான் மனப்பாடம் செய்தவரும் மௌனமாகத்தான் தட்டுவார். உங்களை அவரிடமிருந்து எப்படிப் பிரிப்பது?

13 மே, காலை

திருத்தம். தம்பி இல்லையாம், தங்கையாம். பாலக்கோடு, ஜாவா, நாலு வருடம் என்று படித்ததும் பையன் என்று நானே முடிவு கட்டியிருக்கிறேன். கேள்வியைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்று ராத்திரி உபதேசம் செய்தவன் லட்சணம் இது. எனக்கு அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போட்டுக்கொள்ளலாம்.

13 மே, இரவு

பேசுவது நம் பக்கத்து ஆட்களுக்கு ஏன் இவ்வளவு கஷ்டம் என்று நாள் முழுக்க யோசித்தேன். எங்கள் தாத்தா குந்தாரப்பள்ளி மாட்டுச் சந்தைக்கு என்னைக் கூட்டிப்போவார். விலை பேசும்போது இரண்டு பேர் கைக்கும் மேலே ஒரு துண்டு விழும். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம். துண்டு லேசாக அசையும், அவ்வளவுதான் வெளியே தெரியும். சுற்றி நிற்கிற தரகர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கேட்காது. தாத்தா முகத்தில் ஈ உட்கார்ந்தால்கூட அசையாது. முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மாட்டுக் கயிறு கை மாறும்.

பள்ளிக்கூடத்திலும் அதேதான். "வாயை மூடிக்கிட்டு கணக்கைப் போடு." தப்பான வழியில் போனது வெளியே தெரியக்கூடாது. ரஃப் ஒர்க்கை ஓரத்தில் எழுதி, கோடு போட்டு அடித்துவிட வேண்டும். பெரிய கம்பெனி இன்டர்வியூவில் அவர்கள் காசு கொடுத்துப் பார்க்க வருவது அந்த ரஃப் ஒர்க்கைத்தான். துண்டை எடுத்துவிட்டு பேரம் பேசச் சொல்கிறார்கள்.

19 மே

தங்கை உதாரணம் கேட்டார். பைனரி சர்ச் (binary search) என்கிற தேடல் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வரிசையாக அடுக்கிய எண்களில் ஒன்றைத் தேட வேண்டும். நடுவில் பார், பெரிதா சிறிதா என்று பார், வேண்டாத பாதியைத் தள்ளு. ஒரு கோடி எண் இருந்தாலும் 24 தடவை பார்த்தால் போதும். எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. மௌனமாக எழுதுகிறவர் நாலு நிமிடத்தில் முடித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். மீதி நாற்பது நிமிடம் இருவரும் என்ன செய்வது?

பேசுகிறவர் இப்படி ஆரம்பிப்பார்: "பட்டியல் காலியாக வரலாமா? ஒரே எண் நாலு இடத்தில் இருந்தால் முதல் இடம் வேண்டுமா, ஏதாவது ஓர் இடம் போதுமா? எண்கள் எல்லாம் மெமரியில் கொள்ளுமா?" இதற்குள்ளேயே என் படிவத்தில் இரண்டு கட்டம் நிரம்பிவிடும். அப்புறம் நடு இடத்தைக் கண்டுபிடிக்கும் வரிக்கு வருவார். இரண்டு முனைகளையும் கூட்டி இரண்டால் வகுப்பது. அங்கே ஒரு நொடி நின்று, "கூட்டினால், ஜாவாவின் சாதாரண முழு எண் கொள்ளும் உச்சமான 2147483647-ஐத் தாண்டினால் எண் மைனஸில் போய்விடும், அதனால் வித்தியாசத்தை எடுத்துப் பாதியாக்கிக் கீழ் முனையோடு கூட்டுகிறேன்" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் ஆளை எடுத்திருக்கிறேன்.

சின்ன விஷயம்போலத் தெரியும். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே, அதாவது அதோடு வரும் தயார்க் கோட் தொகுப்பிலேயே, இந்தப் பிழை ஏறத்தாழ ஒன்பது வருடம் தூங்கிக்கொண்டிருந்தது. 2006-ல் அதை ஊரறியச் சொன்னவர் ஜோஷுவா ப்ளாக். நூலகத்தில் அந்தக் கோடை எழுதியவரும் அவரேதான். தன் ரஃப் ஒர்க்கைத் தானே எடுத்துக் காட்டினார், கௌரவம் ஒன்றும் குறையவில்லை.

20 மே

"எந்தக் கம்பெனியில் அண்ணா அவ்வளவு பெரிய பட்டியல் வருகிறது?" நியாயமான கேள்வி. ஏறத்தாழ 107 கோடி எண்களுக்கு மேல் இருந்தால்தான் அது உடையும். நான் வேலையில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நேற்று எழுதியதில் கொஞ்சம் அலட்டல் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அதைச் சொல்லாததால் யாரையும் நான் தள்ளியதில்லை. காலி பட்டியலைக் கேட்காதவர்களைத் தள்ளியிருக்கிறேன்.

2 ஜூன்

ஊரில் இருக்கிறேன். காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் அப்பாவுக்குச் சின்ன மாங்காய் மண்டி. செந்தூரா முடிகிற நேரம், பெங்களூரா வந்து குவிகிறது. காலையில் அங்கே நின்றபோது சிஸ்டம் டிசைன் சுற்றுக்குப் பதில் கிடைத்தது.

அந்தச் சுற்றில் அடிக்கடி வருகிற கேள்வி, டிக்கெட் பதிவுத் தளம் ஒன்றை வடிவமை என்பது. ஒரே சீட்டை ஒரே நொடியில் இரண்டு பேர் அமுக்கினால் என்ன செய்வாய்? பலர் உடனே படம் வரைய ஆரம்பித்துவிடுவார்கள். இந்தப் பக்கம் லோட் பேலன்சர், அந்தப் பக்கம் கேஷ், நடுவில் க்யூ, பெயர் தெரிந்த எல்லாப் பெட்டியும் பலகைக்கு வந்துவிடும். சீட்டுக்கு என்ன ஆனது என்றால் பதில் இருக்காது.

எங்கள் மண்டியில் ஒரு குவியலை இரண்டு லாரிக்காரர்களிடம் சொல்லிவிடக் கூடாது. அதனால் அட்வான்ஸ் வாங்கிய குவியல்மேல் அப்பா ஒரு சிவப்புத் துணியைப் போட்டுவிடுவார். துணி கிடந்தால் கூலிக்கார அம்மாக்கள் யார் வந்து கேட்டாலும் அதைத் தொடமாட்டார்கள். பத்து மணிக்குள் லாரி வராவிட்டால் துணியை எடுத்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார். பழம் காத்திருக்காது அல்லவா. பெரிய தளங்களில் சீட்டைச் சில நிமிடம் பிடித்துவைத்து, பணம் கட்டாவிட்டால் விடுவிப்பதும் இதே துணிதான்.

இதுவரை சொன்னால் பாஸ். நல்ல ஆள் அதற்கு அடுத்ததைக் கேட்பார்: துணியை எடுத்து வேறு ஆளுக்கு விற்ற பிறகு, பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு முதல் லாரி வந்து நின்றால்? அதாவது நேரம் முடிந்த பின் வங்கியிலிருந்து "பணம் வந்துவிட்டது" என்று செய்தி வந்தால்? அப்பாவிடம் கேட்டேன். "அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து ஒரு டீ வாங்கிக் கொடுப்பேன்" என்றார். பணத்தைத் திருப்பு, மன்னிப்புக் கேள், பதிவேட்டில் எழுது. எங்கள் ஆஃபீஸில் இதே பதிலுக்கு பன்னிரண்டு பக்க டிசைன் டாக்குமென்ட் இருக்கிறது. டீ மட்டும் அதில் கிடையாது.

9 ஜூன்

கோட் கேட்காத சுற்று பற்றித் தங்கை கேட்டிருந்தார். "உங்கள் மேனேஜரோடு கருத்து வேறுபட்ட சம்பவம் ஒன்று சொல்லுங்கள்" மாதிரி வரும். அமேசானில் 16 தலைமைத்துவக் கொள்கைகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் உங்கள் வாழ்க்கையிலிருந்து கதை கேட்பார்கள். ஆள் எடுக்கும் டீமைச் சேராத ஒருவர், பார் ரெய்சர் என்று பெயர், கூடவே இருப்பார். தரம் குறைகிறது என்று அவர் நினைத்தால் தடுத்துவிடலாம்.

இங்கே நம்மைக் கவிழ்ப்பது "நாங்கள்" என்கிற வார்த்தை. "நாங்கள் டேட்டாபேஸை மாற்றினோம், நாங்கள் வேகப்படுத்தினோம்." நான் செய்தேன் என்று சொன்னால் தலைக்கனம் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். கேட்கிறவருக்கு ஒரு கூட்டமே கண்ணுக்குத் தெரியும், நீங்கள் தெரியமாட்டீர்கள். என் முதல் இன்டர்வியூவில் எதிரே இருந்தவர் மூன்றாவது தடவை பொறுமை இழந்து, "அதெல்லாம் சரி, அந்த அறையில் நீங்கள் இருந்தீர்களா?" என்று கேட்டார்.

அதற்காகப் பொய் சொல்ல வேண்டியதில்லை. "முடிவு டீமுடையது, அளந்து பார்த்தது நான், அந்த க்வெரி 4 வினாடியிலிருந்து 300 மில்லி வினாடிக்கு வந்தது." இது போதும். சம்பவம், உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, விளைவு. இந்த வரிசையில் ஆறு கதையை எழுதிவைத்துக்கொண்டால் எந்தக் கேள்வி வந்தாலும் அவற்றில் ஒன்று பொருந்தும்.

10 ஜூன்

தங்கைக்கு வாய்விட்டுப் பழக வீட்டில் இடம் இல்லையாம். வீட்டிலிருந்தே வேலை, இரண்டு அறை, பாட்டி டி.வி. தானாகப் பேசினால் "பொண்ணுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று கோயிலுக்குக் கூட்டிப்போய்விடுவார்களாம். ப்ரோக்ராமர்கள் மேசையில் ஒரு ரப்பர் வாத்தை வைத்து அதனிடம் கோடை வரிவரியாக விளக்குவார்கள், சொல்லும்போதே தப்பு அகப்படும். வாத்துக்கு எங்கே போவது? கொட்டகையில் மாடு இருக்கிறதே என்றேன்.

16 ஜூன்

உள்ளே போன பிறகு வேலை எப்படி என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இன்டர்வியூவில் 'மரம்' என்கிற தரவு அமைப்பைத் தலைகீழாக்கச் சொல்வார்கள், உள்ளே போனால் ஒரு செடியைக்கூடத் திருப்ப விடமாட்டார்கள். நான் சேர்ந்து ஆறாவது வாரம் அனுப்பிய முதல் மாற்றம் 14 வரி. ரிவ்யூவில், அதாவது டீமில் மற்றவர்கள் படித்துப் பார்த்ததில், 31 கருத்துகள் வந்தன. பெயர் தெளிவாக இல்லை, இதற்கு டெஸ்ட் எங்கே, இது தோற்றால் யாருக்குத் தெரியவரும். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம்தான் கவனித்தேன், டீமிலேயே மூத்தவருடைய கோடுக்கு 40 கருத்து வந்திருந்தது. எழுதுவதைவிடப் படிப்பதுதான் வேலை. அதுவும் யாரோ எழுதிவிட்டு வேலையை விட்டே போய்விட்ட கோட்.

ஆன்கால், அதாவது எந்த நேரத்தில் பழுது வந்தாலும் எழுந்து சரிசெய்ய வேண்டிய முறை, பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வருடம், என் முறை. ஒரு சர்வீஸ் பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்கிற செட்டிங்கை 30 என்று மாற்றினேன். நான் நினைத்தது வினாடி. அது படித்தது மில்லி வினாடி. ஒரு கோரிக்கைகூட அந்த நேரத்துக்குள் முடியாது. தோற்ற ஒவ்வொன்றும் மறுபடி முயன்றது, அந்த மறுமுயற்சிகளே டேட்டாபேஸை அமுக்கிவிட்டன. அப்போது நான் ஊரில். கரண்ட் இல்லை. ஃபோன் ஹாட்ஸ்பாட்டுக்கு சிக்னல் தேடி மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டிமேல் ஏறி, லேப்டாப்பில் 11 சதவீத சார்ஜோடு மாற்றத்தைத் திரும்பப் பெற்றேன். மொத்தம் 47 நிமிடம்.

மறுநாள் அறிக்கை எழுத வேண்டும். அதில் ஆள் பெயர் வரக்கூடாது என்பது விதி. "ஒருவர் தவறாக மாற்றினார்" என்று ஆரம்பித்தேன், மேனேஜர் அடித்துவிட்டு, "செட்டிங்கின் பெயரில் அலகு இல்லை" என்று எழுதினார். அதற்கப்புறம் அந்த செட்டிங்கின் பெயரிலேயே மில்லி வினாடி என்று சேர்த்தோம். அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது: "தப்பு செய்தவனுக்கும் அதே சம்பளம்தானா?"

19 ஜூலை

இன்று ஆஃபீஸில் பாதி லேப்டாப்புகள் நீலத் திரை. க்ரௌட்ஸ்ட்ரைக் என்கிற கணினிப் பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரு அப்டேட்டாம். சில விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுக்கிறார்கள். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் வைத்திருக்கிற ஒருவர் மட்டும் காலையிலிருந்து தரையில் கால் படாமல் நடக்கிறார்.

21 ஜூலை

மைக்ரோசாஃப்ட் சொல்கிற கணக்கு 85 லட்சம் கணினிகள். மொத்த விண்டோஸ் கணினிகளில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அனுப்பியதிலிருந்து திரும்பப் பெற்றது வரை 78 நிமிடம். என் 47 நிமிடத்தை இனிமேல் தைரியமாக வெளியே சொல்லிக்கொள்ளலாம்.

10 ஆகஸ்ட்

க்ரௌட்ஸ்ட்ரைக்கின் காரண அறிக்கை இந்த வாரம் வந்திருக்கிறது. இன்டர்வியூவுக்குத் தயாராகும் எல்லாரும் படிக்கலாம். ஆபத்தைக் கண்டுபிடிக்கும் விதிகளை எழுதும் இடத்தில் 21 உள்ளீடுகள் என்று இருக்கிறது, கோட் கொடுத்தது 20. இருபத்தொன்றாவதை இதுவரை யாரும் உண்மையில் கேட்கவில்லை, "எதுவானாலும் சரி" என்றே விட்டிருந்தார்கள். அதனால் சோதனையில் அகப்படவில்லை. அன்றைக்கு முதல்முறையாக ஒரு விதி அதைக் கேட்டது, கோட் வரிசைக்கு வெளியே போய் மெமரியைப் படித்தது, கணினி விழுந்தது. மே மாதம் நான் எழுதிய "காலி பட்டியல் வரலாமா" வகைக் கேள்விதான் இது. 107 கோடிக்குப் போக வேண்டியதே இல்லை, 21 போதும்.

18 ஆகஸ்ட்

ஆஃபர் லெட்டர். சிடிசி, அதாவது வருடத்துக்கு உங்கள்மேல் கம்பெனி செலவிடும் மொத்தத் தொகை, எண்ணைப் பார்த்து ஊரில் ஸ்வீட் கொடுத்துவிடாதீர்கள். அதில் கம்பெனி கட்டுகிற பி.எஃப். இருக்கும், கிராஜுவிட்டி என்று அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் இருக்கும். ஐந்து வருடத்துக்கு முன்னால் ராஜினாமா செய்தால் பெரும்பாலும் அந்தக் கிராஜுவிட்டி கைக்கு வராது. பங்குகளும் சேர்த்துத்தான் எண் பெரிதாகத் தெரியும். அமேசான் மாதிரி இடத்தில் நாலு வருடப் பங்கு 5, 15, 40, 40 சதவீதமாக வருவதுதான் வழக்கம், இரண்டாவது வருட முடிவில் கிளம்பினால் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். கைக்கு வரும் நாளிலேயே அது சம்பளமாகக் கணக்காகி வரியும் பிடித்துவிடுவார்கள். மாதம் எவ்வளவு வங்கியில் விழும் என்று ஹெச்.ஆரிடம் நேரடியாகக் கேளுங்கள். வெட்கம் வேண்டாம்.

ஓசூரில் குடியிருந்து பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்வரலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். எட்டு வருடமாக அதைத்தான் செய்கிறேன். ஆஃபீஸ் எலக்ட்ரானிக் சிட்டியாக இருந்தால் ஓசூர் சொர்க்கம். நெரிசலுக்குப் பெயர்போன சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி இருந்தால் என்னிடம் கேட்காதீர்கள், உங்கள் முதுகெலும்பைக் கேளுங்கள். கிருஷ்ணகிரி டவுனிலிருந்து தினமும் போய்வர நினைப்பவர்களுக்கு, அங்கே ரயிலும் இல்லை, பஸ்தான் கதி. நான் ஏழு மாதம் முயன்று கைவிட்டேன்.

1 செப்டம்பர்

மே 12-ல் எழுதியதைத் திரும்பப் படித்தேன். படிவம், கட்டம் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பையனை நான் வேண்டாம் என்று எழுதினேன். அவன் ரெஸ்யூமில் தர்மபுரி முகவரி. முதல் இருபது நிமிடம் ஒரு சொல் இல்லை. வீடியோவில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. நேரம் முடிந்து மூன்று நிமிடம் கழித்து, நான் எதிர்பார்த்ததைவிட நல்ல விடையை எழுதினான். "சார், இப்பதான் வந்துச்சு" என்று தமிழில் சொல்லிவிட்டு, உடனே ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டான். "உரையாடல் போதவில்லை" என்று எழுதி அனுப்பிவிட்டேன். அந்த "இப்பதான் வந்துச்சு" மட்டும் இன்னும் காதிலிருந்து போகவில்லை.

2020-ல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 48 மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பாதிப் பேர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, பேசிக்கொண்டே பலகையில் எழுத வேண்டும். மீதிப் பேர் தனி அறையில் அதே கணக்கைப் போடலாம். பார்வையில் எழுதியவர்களின் மதிப்பெண் பாதிக்கும் கீழே விழுந்தது. பார்வையில் எழுதிய பெண்களில் ஒருவர்கூடத் தேறவில்லை, தனி அறைப் பெண்கள் எல்லாரும் தேறினார்கள். சின்னக் கூட்டம், அதை வைத்து உலகத்தை அளக்க முடியாது. ஆனாலும் பாலக்கோட்டுத் தங்கைக்கு நான் சொன்னது பாதிதான். துண்டை எடு என்று அவரிடம் சொன்னேன், சுற்றி நின்று முறைக்கிற எங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது கேள்வி கொடுத்ததும், "ஐந்து நிமிடம் கேமராவை அணைத்துவிடுகிறேன், யோசியுங்கள், அப்புறம் பேசலாம்" என்கிறேன். எங்கள் விதிப்புத்தகத்தில் அப்படி ஒன்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை.

2 செப்டம்பர்

"அப்படியானால் பேசிப் பழகத் தேவையில்லையா?" என்று ஒருவர். தேவைதான். கேமராவை அணைக்கிறவர் நான் ஒருவன்தான், உங்களுக்கு யார் வாய்ப்பார்களோ.

17 நவம்பர்

தங்கை எழுதியிருக்கிறார். மூன்றாவது கம்பெனி, ஐந்து சுற்று, நேற்றோடு முடிந்ததாம். தினமும் சாயந்திரம் பால் கறக்கும் நேரத்தில் மாட்டுக்கு ஹாஷ் மேப் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இரண்டாவது சுற்றில் எதிரே இருந்தவர் கையைக் காட்டி, "ஒரு நிமிடம் நிறுத்துங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்" என்றாராம். முடிவு இன்னும் வரவில்லை.

மாடு இப்போது நிறைமாசச் சினை. அம்மா கொட்டகைப் பக்கமே விடமாட்டேன் என்கிறாராம். அடுத்த இன்டர்வியூ வந்தால் ஆட்டுக்குத்தான் சொல்ல வேண்டும், அது பாதியிலேயே எழுந்து போய்விடுகிறது என்கிறார்.